எரிக்காத குவியல்

ஐரீன் ஹோல்ராய்டுக்குத் தோட்டம் அலுத்துப்போயிருந்தது. இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸ் நகரின் மேற்குச் சரிவில் நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில் ஒன்றை, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்த காலத்திலிருந்தே அவள் வைத்திருந்தாள். மருந்தடிப்பதில்லை என்று முடிவெடுத்ததும் அப்போதுதான். மொச்சையில் அசுவினிப் பூச்சி மொய்த்தால் பொறிவண்டு வரும்வரை காத்திருப்பாள். கீரையை நத்தை தின்றால் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கையால் பொறுக்குவாள். வேலியோரத்துக் காஞ்சொறிச் செடிகளைப் பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கென்று வெட்டாமல் விட்டிருந்தாள். ஒரு தெளிப்பு தெளித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியாத தோட்டம் அது. எல்லாவற்றுக்கும் உடம்புதான் ஈடுகொடுக்க வேண்டும்.

அந்த உடம்பு இப்போது கேட்கவில்லை. முட்டி இரண்டும் போய்விட்டன. அந்த வருஷம் கோடை முழுக்க மழை, நத்தைகள் வைத்ததுதான் சட்டம். இலையுதிர் காலம் தொடங்கியதும், பக்கத்துத் துண்டுக்காரனும் தோட்டச் சங்கச் செயலாளருமான டெஸ்மண்டிடம், துண்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள்.

துப்புரவாக்கித்தான் கொடுக்க வேண்டும். பூச்சிகளுக்காகப் பல வருஷம் அடுக்கி வைத்திருந்த மட்கிய கட்டைகள், முள்கிளைகள், உடைந்த பந்தல் கழிகள் எல்லாவற்றையும் நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நடுவில் குவித்தாள். நவம்பர் ஐந்தாம் தேதி, பழைய ராஜசதி ஒன்று முறிந்ததன் நினைவாக ஊரே தீ மூட்டும். அன்று இதையும் கொளுத்திவிட்டால் வேலை முடிந்தது.

அன்று மாலை டெஸ்மண்ட் தீப்பெட்டியோடு வந்தான்.

"என்ன தாயே, கொளுத்திரலாமா? இருட்டிட்டு வருது."

"அடியைப் பிரிச்சுப் பாக்கணும். ஏதாவது படுத்திருக்கும்."

"படுத்திருந்தா உன் சொந்தக்காரங்களாத்தான் இருக்கும். நீ இழுத்துப் போட்டதை நீயே பிரிக்கப் போறியாக்கும், அந்த முட்டியை வச்சிக்கிட்டு."

ஐரீன் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரு தீக்குச்சி போதும். உள்ளே ஒன்றும் இல்லை என்று நம்பிவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம். நம்புவதற்கு மனசு தயாராகவே இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. முனகிக்கொண்டே எழுந்து மேல்கிளையைப் பிடித்து இழுத்தாள். டெஸ்மண்ட் ஏதோ முணுமுணுத்தபடி மறுபக்கத்திலிருந்து இழுத்தான்.

பாதிக்குமேல் பிரித்த பிறகு, அடியில் காய்ந்த இலைகள் பந்தாகத் திரண்டிருந்தன. ஐரீன் ஓரத்தை விரலால் விலக்கினாள். முட்கள் தெரிந்தன. மெல்ல ஏறி இறங்கின.

"முள்ளெலி" என்றான் டெஸ்மண்ட், குரலைத் தாழ்த்தி.

ஐரீனுக்கு மகிழ்ச்சி வரவில்லை, அழுகைதான் வந்தது. "உனக்கு வேற எடமே கெடைக்கலையா?" என்று அதனிடம் கேட்டாள். பிறகு இலைகளை மூடி, எடுத்த கிளைகளை ஒவ்வொன்றாக மேலே வைத்தாள்.

"குளிர் போறவரைக்கும் அது எந்திரிக்காது" என்றான் டெஸ்மண்ட். "துண்டுக்குக் காத்திருக்கிற அந்த நர்ஸம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ, எனக்குத் தைரியமில்லை."

துண்டு அடுத்து யாருக்குப் போகவேண்டுமோ அந்தக் கொலெட், மகப்பேறு ஆஸ்பத்திரியில் இரவுப் பணி நர்ஸ். சனிக்கிழமை காலை வேலை முடிந்து நேரே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. ஐரீன் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குவியலையே பார்த்தாள்.

"எம் பையன் பள்ளிக்கூடம் சேராத காலத்துல இந்தத் துண்டுக்குப் பேரு குடுத்தேன். இப்ப அவன் ஷேவ் பண்றான். முள்ளெலிக்குப் பின்னாடி வரிசையில நிக்கச் சொல்றீங்களா?"

"சொல்லல. பாதியை எடுத்துக்கோ. இந்தப் பக்கத்தை மட்டும் விட்டுரு."

"நீங்க போகணும்னுதானே இருந்தீங்க?"

"போகணும்தான்."

கொலெட் தோள்பையைக் கீழே வைத்தாள். பிறகு, "டீ இருக்கா?" என்றாள். ஐரீன் பிளாஸ்க்கைத் திறந்தாள். இருவரும் ஆளுக்கொரு வாளியில் உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தார்கள்.

பாதியில் கொலெட் கொத்தத் தொடங்கினாலும், துப்புரவாகாத துண்டைக் கைமாற்ற முடியாததால் குளிர்காலம் முழுக்க அது ஐரீன் பேரில்தான் இருந்தது. அதனால் பாதையைச் சுத்தம் செய்யும் முறை, வேலி பழுது எல்லாம் அவள் தலையில் விழுந்தன. பனியில் வழுக்காமல் மேடேற அவள் பட்ட பாட்டை டெஸ்மண்ட் பார்த்தான். "ராணியம்மா எந்திரிச்சாச்சா?" என்று கேட்கும் கேலியை மட்டும் அவன் விடவில்லை. ஆனால் நத்தைக்குப் போடும் நீல மருந்தை அந்த வேலிப்பக்கம் போடுவதை நிறுத்தியிருந்தான். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒருநாள் குவியலின் ஓரத்தில் இலைகள் வெளியே சிதறிக் கிடந்தன. உள்ளே குழிதான் இருந்தது. போனதை யாரும் பார்க்கவில்லை. ஐரீன் குனிந்து பார்த்தாள். ஏதாவது தோன்றும் என்று நினைத்திருந்தாள். இனிப் போகலாம் என்பது மட்டும்தான் தோன்றியது.

தோட்டக் கதவின் சாவியை ஐரீனிடமிருந்து வாங்கிக்கொண்ட கொலெட், "குவியலை எரிச்சிரவா?" என்றாள்.

"உன் இஷ்டம். இனிமே இது உன் தோட்டம்."

"மொச்சை காய்ச்சா வருவீங்கல்ல?"

"திங்க வர்றேன். பறிக்க வரமாட்டேன்."

கொலெட் சிரித்தாள். ஐரீன் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் சரிவில் இறங்கி, பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.