கொன்னுட்ட போ!

கிருபாகரனின் சர்வர் மேனாம்பேட்டில், அவன் வாடகை அறையின் அலமாரித் தட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஆபீசில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர். பூந்தமல்லியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் உஸ்மான் கனி பாயிடம் வாங்கியது. அதில் அவன் ஏற்றியிருந்தது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தன் வீட்டிலேயே நடத்திக்கொள்ளக்கூடிய சமூக வலைத்தள மென்பொருள். உலகம் முழுக்க இப்படிச் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ சர்வர்கள். ஒன்றில் எழுதுவது மற்றவற்றிலும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முதலாளி கிடையாது.

செய்யாறு பக்கத்திலிருந்து வந்து, வீட்டிலேயே முதல் ஆளாக இன்ஜினியரிங் முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் அடுத்தவன் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அவனுக்கு, 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. நம்ம வீடு என்ற பொருளில் 'நம்மூடு' என்று பெயர் வைத்து, ஆள் சேர்க்க நாயாய் அலைந்தான்.

"வாட்ஸ்அப் கீறப்போ இது இன்னாத்துக்கு மாமே?" என்று கம்பெனியில் சிரித்தார்கள்.

கடைசியில் வந்தவர்கள் பாய், அவர் மகள் ஜோயா, அவளை நம்பி வந்த அவளுடைய கல்லூரித் தோழிகள். ஜோயா பஸ் வரைவாள். படியில் தொங்கும் கூட்டம், நசுங்கிய பின்பக்கம், ஜன்னலில் வழியும் தூக்கம். ஐரோப்பாவில் ஓவியர்கள் கூடும் ஒரு பெரிய சர்வரில் அவளுக்கென்று ஒரு ரசிகர் கூட்டமே சேர்ந்துவிட்டது.

ஒருநாள் அந்தக் கூட்டம் மொத்தமாகக் காணாமல் போனது. பெரிய சர்வர் நம்மூட்டைத் தடை செய்திருந்தது. காரணம்: இளம்பெண்ணுக்குக் கொலை மிரட்டல்.

பதறிப்போய்த் தேடினான். ஜோயாவின் திருமழிசை பஸ் படத்துக்குக் கீழே பாய் எழுதியிருந்தார்: "கொன்னுட்ட போ!" எந்த மொழிபெயர்ப்பு எந்திரமோ அதை அப்படியே பெயர்த்துக் கொடுத்திருக்கிறது.

நேரே கடைக்குப் போனான்.

"பாய், என்ன எழுதி வெச்சிருக்கீங்க? இனிமே கொன்னுட்டன்னு எழுதாதீங்க."

"என் பொண்ண நான் மெச்சிக்கிறேன், அவனுக்கு இன்னாவாம்? சூப்பர்னு எய்தணுமா? அது சோப்பு பேரு கணக்கா கீதுப்பா."

கடைக்குள்ளிருந்து ஜோயா எட்டிப் பார்த்தாள். "அண்ணா, நம்மூட்லேர்ந்து எவனும் நம்மள வெளிய தள்ள முடியாதுன்னு சொன்னீங்க."

"வெளிய தள்ளலம்மா. அவங்க அவங்க கதவச் சாத்திக்கிட்டாங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே? சரியாகலன்னா நான் அந்த சர்வர்லயே அக்கவுன்ட் ஆரம்பிச்சுக்கிறேன். கோச்சுக்காதீங்க."

அவள் போனால் தோழிகளும் போவார்கள். பிறகு நம்மூட்டில் அவனும் பாயும்தான்.

அறைக்கு வந்து பெரிய சர்வரின் நிர்வாகிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தான். படித்த படிப்பெல்லாம் இந்த ஒரு சொல்லிடம் மண்ணைக் கவ்வியது. 'சென்னையில் கொல்வது என்றால் பாராட்டுவது' என்று எழுதி, படித்துப் பார்த்து, அலறி அழித்தான். அப்படி இப்படிச் சுற்றிவளைத்து ஒருவழியாக அனுப்பினான்.

அந்த நிர்வாகி நல்ல மனிதர். தவறு நேர்ந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு தடையை நீக்கினார். போதாததற்கு ஜோயாவின் படத்துக்குக் கீழே தமிழிலேயே 'வணக்கம்' என்றும் எழுதினார். விட்டது சனி என்று கிருபாகரன் டீ குடிக்க இறங்கினான்.

திரும்பி வந்தால் மறுபடி தடை. இந்த முறை நிரந்தரம். நிர்வாகியின் வணக்கத்துக்குப் பாய் பதில் போட்டிருந்தார்: "தல, பொளந்துட்ட!"

தலை பிளந்த சங்கதி எந்திரத்தின் வழியாக எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. போன் போட்டான்.

"உன் பேச்சக் கேட்டு கொன்னுட்டன்னு எய்தவே இல்லியேப்பா!" பாயின் குரலில் நிஜமான வருத்தம். "அவர் வணக்கம் சொன்னாரு. சும்மா வுட முடியுமா? மரியாதைக்கு தலன்னு கூப்ட்டேன்."

அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

அந்த வாரமே ஜோயா பெரிய சர்வருக்கு இடம் மாறினாள். குத்தம்பாக்கத்துப் புதுப் பேருந்து நிலையத்தை வரைந்து அங்கே போட்டிருக்கிறாளாம். கடைக்குப் போனபோது பாய் தன் போனில் நம்மூட்டைத் திறந்து அவனிடம் நீட்டினார்.

"ஊரே பாத்துச்சுன்றா. என் பொண்ணு படம் எனக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது? உன் பொட்டில இன்னாவோ ரிப்பேரு. எட்தாந்து குடு, நான் பாக்கறேன்."

"பொட்டி நல்லாத்தான் இருக்கு பாய்."

"அப்போ இன்னாதான் ரிப்பேரு?"

கிருபாகரன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, நிர்வாகிக்கு அடுத்த கடிதத்தைத் தட்டத் தொடங்கினான். ஐயா, தல என்றால் தலை அல்ல.