மாப்பிள்ளை ஏறிய தண்டர்பேர்ட்

எங்கள் மாமாவிடம் கார் இல்லை. ஒரு சைக்கிள் இருந்தது. அதற்கும் பிரேக் சரியாகப் பிடிக்காது. ஆனால் அமெரிக்கக் கார்களைப் பற்றி அவரிடம் இல்லாத அபிப்பிராயம் கிடையாது. அம்மாவுக்கு நேர் தம்பி. மலாக்காவில், காஜா பெராங்கில் எங்களோடுதான் இருந்தார், ஒரு கார் பட்டறையில் வேலை. சாயங்காலம் கையிலிருந்த கிரீஸை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு நேராகக் கோப்பிக் கடைக்குப் போய்விடுவார். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது அது. ஊரில் மற்றவர்கள் புது சர்க்கார் என்ன செய்யும், நமக்குக் குடியுரிமை கிடைக்குமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்க, மாமாவும் அவர் கூட்டாளிகளும் மட்டும் கார்வெட் உசத்தியா தண்டர்பேர்ட் உசத்தியா என்று மேசையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டில் ஒன்றிலாவது உட்கார்ந்து பார்த்தவர் அங்கே ஒருவர்கூட இல்லை.

எனக்கு எட்டு வயது. மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டு வரச்சொல்லி அம்மா என்னைத்தான் அனுப்புவார். நான் போய் அந்தச் சண்டையில் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவேன்.

"இங்கிலீஷ்காரன் காடி அவனாட்டம்தான்லா," என்பார் மாமா. "காலையில எழுப்பினா இருமும். மழை பேஞ்சா வேலைக்கு வராது. அமெரிக்காக்காரன் காடி அப்படியா? தொட்டா பாயும்!"

கார்வெட் கட்சிக்குத் தலைவர் ஒரு டாக்சிக்காரர். அவருக்கு அமெரிக்கக் கார் என்றாலே கார்வெட்தான். "தண்டர்பேர்டெல்லாம் ஒரு காடியா? சோபா அது. சோபாவுக்கு நாலு ரோதா மாட்டி விட்டிருக்கான்," என்று சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டுவார்.

"ஒங்க கார்வெட்டுக்கு ஒடம்பே இரும்பு கெடையாது, பிளாஸ்டிக்கு. இடிச்சா பட்டறைக்குக் கொண்டு வர முடியாது, தையக்காரன்கிட்டதான் கொண்டு போவணும்."

கடை முழுக்கச் சிரிப்பு. நான் தண்டர்பேர்ட் கட்சி. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது, மாமா கட்சி எதுவோ அது என் கட்சி.

மாமாவால் ஓர் இடத்தில் அடங்கி உட்கார முடியாது. சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாலும் வலது கால் ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த வருஷம் அந்த வியாதி வீட்டில் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. காரணம், சித்தியின் கல்யாணம். சித்தி அம்மாவின் கடைசித் தங்கை, மாமாவுக்கு நேர் இளையவள். மாப்பிள்ளை செமாபோக்கைச் சேர்ந்தவர், ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. பெண் பார்க்க வந்தபோது ஒரு பஸ் கூட்டத்தோடு வந்தார்கள். மாப்பிள்ளை கேசரித் தட்டைவிட்டுத் தலையை நிமிர்த்தவே இல்லை. அவருடைய அண்ணன்தான் அவருக்கும் சேர்த்துப் பேசினார், அவருக்கும் சேர்த்துச் சாப்பிட்டார்.

அவர்கள் போனபிறகு அடுப்படியில் ஒரு பேச்சு ஓடியது. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை கிடைத்ததாம், போகிறேன் என்று துணிமணியைக்கூட எடுத்து வைத்துவிட்டாராம், அப்பாக்காரர் பிடித்து வைத்து அவசரமாகப் பெண் தேடினாராம். "கால்கட்டு போட்டா சரியாயிடும்," என்றார் பக்கத்து வீட்டு அக்கா. அம்மாவும் ஆமாம் என்றார். சித்தியோ அன்றிலிருந்து கூட்டிய இடத்தையே திரும்பக் கூட்டினாள். கொதித்து இறக்கிய குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். கிணற்றடியில் மாமாவோடு குசுகுசு என்று பேசுவாள், நான் போனால் நிறுத்திவிடுவார்கள். சித்திக்கும் கார் பைத்தியம் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அமெரிக்கக் கார் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். கோயிலிலிருந்து எங்கள் வீட்டுப் பந்தல்வரை மேளத்தோடு வரவேண்டுமாம். டாக்சிக்காரர் தனக்குத் தெரிந்த இடத்தில் ஒரு பெரிய கார் பேசி வைத்தார், குடும்பமே ஏறலாம். மாமா வேண்டவே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தெங்கெராவில் ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், மகன் தண்டர்பேர்ட் வைத்திருந்தான். கடல் பச்சை நிறம், மேலே மூடி இல்லாதது. மாமாவின் பட்டறைக்குத்தான் அது வரும். அவனை எப்படிக் கெஞ்சினாரோ, மாமாவைத் தவிர வேறு யாரும் ஸ்டீரிங்கைத் தொடக்கூடாது என்ற பேச்சோடு அவன் ஒரு நாளைக்குக் கொடுக்கச் சம்மதித்தான். "கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு, இவனுக்குக் காடி கனவு!" என்று தாத்தா கத்தினார். மாமா பல்லைக் காட்டினார்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில் அந்தக் கார் வந்து நின்றதும் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழகில்தான் முதலில். பிறகு மாப்பிள்ளையின் அண்ணன், காலையிலிருந்து பிடித்திருந்த தம்பியின் முழங்கையை விடாமலே அதைச் சுற்றி வந்தார். முன்னால் ஒரே இருக்கை. பின்னால் இருக்கையே இல்லை.

"எங்க உக்கார்றது நானு?"

"எடம் இல்லீங்களே," என்றார் மாமா. "ரெண்டு பேரு காடி. அமெரிக்காவுல இப்படித்தான் செய்றான், நான் என்னா பண்றது?"

"ரெண்டு பேரு காடியையா கல்யாணத்துக்குக் கொண்டாருவான் மனுஷன்?" என்று சம்பந்தியம்மா வாய்விட்டே கேட்டார். கூட்டம் சிரித்தது. எங்கள் தாத்தாவுக்கு முகம் செத்துவிட்டது. வேறு கார் பார்க்க நேரமில்லை, நாயனக்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார். மாப்பிள்ளையைத் துணையில்லாமல் அனுப்பமாட்டேன் என்று சம்பந்தியம்மா ஒரே பிடியாக நின்றதில், இருப்பதிலேயே பொடிசு எது என்று தேடி, பட்டுப்பாவாடையோடு என்னைத் தூக்கி நடுவில் செருகினார்கள். அப்போது எனக்கு இருந்த பெருமைக்கு மணப்பெண்கூட ஈடில்லை. அமெரிக்கக் காரில் எல்லாமே இடம் மாறியிருந்தது. மாமா இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டினார், மாப்பிள்ளை வலதுபக்கம். கியர்த் தண்டு என் முழங்கால்களுக்கு நடுவில். மாமா கியர் மாற்றும்போதெல்லாம், "கால இழு, கால இழு," என்பார்.

ஊர்வலம் என்றால் என்ன வேகம்? தவில்காரர் நின்றால் காரும் நிற்கவேண்டும். அவரோ ஒவ்வொரு முக்கிலும் நின்று ஒரு தனி ஆவர்த்தனம் வாசித்தார். மாமாவின் கால் ஆடியது. மாப்பிள்ளையின் விரல்கள் மாலையில் இருந்த பூவை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தன. எனக்கோ கார் எப்போது பாயும் என்று உட்காரவே முடியவில்லை. பக்கத்திலேயே நடந்துவந்த அண்ணன் கதவின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

கோப்பிக் கடை முக்கு வந்ததும் மாமா திடீரென்று எழுந்து நின்று கத்தினார். "சூடு ஏறிப்போச்சு! எஞ்சின் கொதிக்குது! தள்ளுங்க, தள்ளுங்க!"

அண்ணன் பயந்து கையை எடுத்தார்.

"இது ஓடற சாதி, நடக்கற சாதி இல்ல. ஒரு ஓட்டம் ஓட்டி காத்து வாங்கிட்டு வந்துடறேன்!"

ஒரு மாதமாகக் கடையில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், அமெரிக்கக் காரை நடக்கவிட்டால் அதற்குக் கோபம் வரும் என்று. அதனால் கூட்டாளிகள் ஒருவரும் சந்தேகப்படவில்லை. கார்வெட் கட்சித் தலைவரே முன்னால் வந்து, "ஆமாங்க, அந்தக் காடி அப்படித்தான், ஓட்டினாத்தான் ஆறும்," என்று சம்பந்திக்கு விளக்கம் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் சந்தில் திரும்பியிருந்தோம்.

அப்பா! அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்ல. தெங்கெரா வீடுகள் இருபுறமும் கலைந்து ஓடின. மாப்பிள்ளையின் மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் பிய்ந்து பின்னால் பறந்தன. கடற்கரை ரோட்டுக்கு வந்ததும் அவருடைய தலைப்பாகை எழும்பிப் போயே போய்விட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னும் வேகமா மாமா!" என்று நான் கத்தினேன். மாமா கால இழு என்றார், நான் இழுத்தேன், கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. அதற்கப்புறம் எத்தனையோ கார்களில் போயிருக்கிறேன். எதுவும் அதற்கு உறை போடக் காணாது.

கிளேபாங்கில் கடலோரம் ஒரு மரத்தடியில் மாமா காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

"சூடெல்லாம் ஏறலீங்க," என்றார். "ஒங்ககிட்ட ஒரு வார்த்தை தனியா கேக்கணும். ஒங்க அண்ணன் எடம் கொடுக்க மாட்டேங்குறாரு."

மாப்பிள்ளை நெற்றியில் வழிந்த சந்தனத்தைத் துடைத்தார்.

"என் தங்கச்சிய கட்டிக்க ஒங்களுக்கு மனசு இருக்கா?"

"எல்லாம் பேசி முடிச்சிட்டாங்களே."

"அவங்க பேசினது கெடக்கட்டும். மனசு இல்லன்னா சொல்லிடுங்க. இப்படியே தம்பின் ஸ்டேஷனுக்குப் போயி சிங்கப்பூர் ரயில்ல ஏத்தி விட்டுடறேன். காடி நடுவழியில நின்னுபோச்சு, முகூர்த்தம் தவறிப்போச்சுன்னு நான் சொல்லிக்கறேன். திட்டு எனக்கு. ஒங்களையும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க, தங்கச்சியையும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

தம்பின் என்ற பேர் காதில் விழுந்ததும் நான் துள்ளினேன். இன்னும் எவ்வளவு தூரம்! அதோடு ரயில் வேறு! "தம்பினுக்கே போவோம் மாமா! போவோம் மாமா!" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். இரண்டு பேரும் என்னைச் சட்டை செய்யவில்லை.

"இத நீங்களா கேக்கறீங்களா?" என்றார் மாப்பிள்ளை.

"எனக்குக் காடிய விட்டா என்னாங்க தெரியும்? தங்கச்சிதான் கேக்கச் சொல்லுச்சு. மனசு இல்லாத ஆளு பக்கத்துல ஆயுசுக்கும் உக்காந்திருக்க என்னால முடியாதுன்னு அழுவுது."

மாப்பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அட, இவ்வளவு நேரம் எதற்கு யோசிக்கிறார், ரயில் போய்விடாதா?

"சிங்கப்பூருக்குப் போவாதன்னப்பவும் என்னைக் கேக்கல," என்றார் கடைசியில். "கல்யாணம்னப்பவும் என்னைக் கேக்கல. மொத மொத அவங்கதான் கேக்கறாங்க."

கொஞ்சம் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"திருப்புங்க, மச்சான்."

"அவசரம் இல்ல. யோசிக்கணும்னா இன்னும் கொஞ்ச தூரம்கூடப் போவோம்."

"வேணாம். திருப்புங்க, முகூர்த்தம் போயிடும்."

நாங்கள் திரும்பியபோது காஜா பெராங்கே ரோட்டில் நின்றது. பாவம் நாயனக்காரர், மாப்பிள்ளை இல்லாத ஊர்வலத்துக்கு விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை இல்லாமல், பூவுதிர்ந்து வெறும் நாரும் ஜிகினாவுமாகத் தொங்கிய மாலையோடு மாப்பிள்ளை இறங்கினார். சம்பந்தி குடையை ஓங்கிக்கொண்டு மாமாமேல் பாய்ந்தார், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். தாத்தாவை யாரும் பிடிக்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் மாமாவின் கன்னத்தில் ஓர் அறை விட்டார். மாமா கன்னத்தைத் தடவிக்கொண்டு, "சூடு எறங்கிப்போச்சுங்க," என்றார்.

கல்யாண மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன கார் பைத்தியம் என்ற பேர் அவருக்குக் கடைசிவரை நின்றது. செமாபோக் பக்கம் ஒரு நல்லது கெட்டதற்கும் அவரைக் கூப்பிடமாட்டார்கள். பெரிய கார் கிடைத்தும் ரெண்டு பேர் காரைக் கொண்டுவந்த கிறுக்கன் என்று எங்கள் வீட்டிலேயே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அண்ணன் ஏற முடியாத கார் மலாக்காவில் அது ஒன்றுதான் என்பது என் மண்டைக்கு எட்ட வெகுகாலம் ஆனது. மாமா ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை. தண்டர்பேர்டில் மறுபடி அவர் ஏறவும் இல்லை.

அன்று அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? காரிலிருந்து இறக்கிவிட்ட கோபத்தோடு பெண் இருந்த அறைக்குள் போனேன். சுற்றிலும் பெண்கள். நடுவில் சித்தி தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து வாயை என் காதோடு வைத்தாள்.

"யாருடீ திருப்பச் சொன்னா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "மாப்பிள்ளைதான்! மாமா தம்பினுக்குப் போவோம்னாங்க சித்தி, ரயிலுகூட இருக்குன்னாங்க. இவருதான் வேணாம்னுட்டாரு!"

"மாமா திருப்பச் சொல்லலியே?"

"மாமா எங்க சொன்னாங்க? இன்னும் கொஞ்ச தூரம் போவோம்னுதான் சொன்னாங்க. இவருதான் திருப்புங்க திருப்புங்கன்னு ரெண்டு தடவ சொல்லிட்டாரு!"

சித்தி சத்தமாகச் சிரித்துவிட்டாள். கல்யாணப் பெண் சிரிப்பதா! பெண்களெல்லாம் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். "என்னாடி இது, வெக்கம் கெட்டவளே," என்று அம்மா பல்லைக் கடித்தார். சித்தி என்னை இழுத்து அணைத்து, என் கன்னமெல்லாம் அவள் மை ஈரமாக ஒட்டும்படி முத்தம் கொடுத்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவ்வளவு பெரிய புகார் சொல்லியிருக்கிறேன், இவள் பாட்டுக்குச் சிரிக்கிறாளே! அரைமணி கழித்து அதே மனிதர் பக்கத்தில் போய், முகமெல்லாம் பூரித்து உட்கார்ந்தும் விட்டாள். கெட்டிமேளம் முழங்கியது, எல்லோரும் அட்சதை போட்டார்கள். அவ்வளவு நல்ல காரைப் பாதி வழியில் திருப்பச் சொன்ன ஆளுக்கு நான் எதற்குப் போடவேண்டும் என்று, கையில் கொடுத்த அரிசியை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.