ஸ்காபரோவில் ஒன்பது புள்ளிகள்

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. உலகம் முழுவதும் அதை வைத்திருப்பவர்களைச் சேர்த்தால் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அடக்கிவிடலாம். எழுதினால் நாளைக்கே யாராவது தேடிப்பிடித்து என் கதவைத் தட்டக்கூடும். ஏற்கெனவே ஒருவர் வந்து தட்டினார். அவர் தட்டியது தங்கச்சியின் கதவு.

அது ஓர் ஆங்கிலக் குடும்பப் பெயர். இங்கிலாந்திலேயே பலர் கேள்விப்பட்டிராதது. என் அப்பாவுக்கு இருந்த ஒரே பெயரும் அதுதான். மட்டக்களப்புப் பக்கத்தில் வயல் செய்த சைவக் குடும்பத்தில் பிறந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, அந்தப் பெயரோடு அவர் திரிந்தார். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரை முன்னால் போட்டுக்கொள்வோம், அவ்வளவுதான். கனடாவுக்கு வந்தபோது கடைசிப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்பாவின் பெயரைச் சொன்னேன். பிறகு வந்த தங்கச்சியும் தம்பியும் அதையே சொன்னார்கள். தங்கச்சியின் புருஷன் விட்டுவிட்டுப் போனபின் அவள் மகளுக்கும் அந்தப் பெயரையே மாற்றி வைத்தாள். தம்பி, அவன் மனைவி, நாலு பிள்ளைகள். ஆக ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் நாங்கள் ஒன்பது பேர்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நீர்கொழும்பில் மீன்பிடிப் படகில் போனேன், கட்டாரில் கம்பி கட்டினேன், ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் ஒரு குளிர்காலம் முழுவதும் மொஸ்கோவில் ஒரு அறைக்குள் கிடந்தேன். ரொறன்ரோவில் இறங்கியதும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஆறு பேரோடு ஒரு அறை. அங்கிருந்து கோழித் தொழிற்சாலை, காளான் பண்ணை, அல்பேர்ட்டாவில் மாட்டிறைச்சித் தொழிற்சாலை, திரும்பவும் இங்கே. ஒரு வேலையிலும் இரண்டு வருடத்துக்கு மேல் நிலைத்ததில்லை. தங்கச்சி இதைச் சொல்லிக் காட்டுவாள். உண்மைதான்.

தகப்பன் பெயரைப் பிள்ளைகள் வாயால் சொல்லக்கூடாது என்றுதான் எங்களை வளர்த்தார்கள். கனடாவில் என் முதல் வேலையில், கோழி வெட்டும் தொழிற்சாலையில், சுப்பவைசர் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னை ஏவினான். பெட்டியைத் தூக்கு. தரையைக் கழுவு. சுறுக்காய். முதல் கிழமை ஒவ்வொரு தடவையும் எனக்குப் பின்னால் அப்பா நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது.

போன வசந்தத்தில் என் மருமகளுக்கு, தங்கச்சியின் மகளுக்கு, ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவருக்கும் எங்கள் பெயர்தான். ஒன்ராரியோ ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் வயதானவர், ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். தன் பெயர்க்காரர்கள் உலகில் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பல வருடமாகத் தேடி வரைபடம் கீறிக்கொண்டிருக்கிறாராம். இங்கிலாந்தின் கிழக்கில் ஒரு பிடி, அவருடைய ஊரில் கொஞ்சம், ஆஸ்திரேலியாவில் சிலர். பிறகு பார்த்தால் ஸ்காபரோவில் ஒன்பது பேர், ஒரே குவியலாக. பிரிந்துபோன கிளை ஒன்று கண்ணில் அகப்பட்டுவிட்டது என்று மனிதர் துள்ளியிருக்கிறார். மருமகள் ஆங்கிலத்தில் நன்றாக எழுதுவாள். தாங்கள் யார் என்று அவள் எழுதவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட்டில் தங்கச்சியின் வீட்டுக்கு வருவதாக முடிவாயிற்று.

தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, நீங்களும் வாங்க. ஆனா வாயைத் திறக்கப்படாது."

"அப்ப நான் என்னத்துக்கு?"

"மூத்த ஆள் ஒண்டு வீட்டில இருக்கோணும். அந்த எண்ணெய் மணக்கிற ஜக்கற்றோட வராதீங்க."

"என்ன சொல்லப் போறாய் மனுசனுக்கு?"

"துரைக்கு எங்கட அப்பப்பாவில நல்ல விருப்பம். அந்த நன்றியில அப்பப்பா மகனுக்குப் பேர் வைச்சவர். முடிஞ்சுது."

"விருப்பமாம். அப்பப்பா கேட்டா எழும்பி வந்து அடிப்பார்."

"அவர் எழும்பி வரமாட்டார். நீங்க எழும்பாம இருந்தாக் காணும்."

உண்மையில் நடந்தது இதுதான். வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் ஊர்க் குளத்துக்குக் கட்டு உயர்த்த ஒரு இங்கிலீஷ் எஞ்சினியர் வந்தார். அப்பாவின் தகப்பன், எங்கள் அப்பப்பா, அவருக்குக் கீழே கூலி. மட்டம் பார்க்கும்போது நிமிர்த்திப் பிடிக்கிற அளவுக்கம்பு அப்பப்பாவின் கையில். ஒரு நாள் இடுப்பளவு தண்ணீரில் அவரை நிறுத்திவிட்டுத் துரை மதியச் சாப்பாட்டுக்குப் போனார். வெளியே வா என்று சொல்ல மறந்துபோனார். சொல்லாமல் கரையேறினால் கூலி இல்லை. பின்னேரம் துரை திரும்பி வந்தபோது அப்பப்பா அதே இடத்தில், காலில் அட்டைகளோடு, கம்பைப் பிடித்தபடி நின்றார். கம்பு சரிந்திருக்கிறது என்று துரை ஏசினார்.

அந்தப் போகத்தில் அப்பா பிறந்தார். அப்பப்பா துரையின் பெயரை அவருக்கு வைத்தார். வைத்துவிட்டு, வாழ்நாள் முழுவதும் வயலில் நின்று அந்தப் பெயரை ஏவினார். மாட்டை அவிழ்த்துவிடு. சுருட்டுக்கு நெருப்புக் கொண்டு வா. முதுகைச் சொறி. ஊர் முழுவதற்கும் இது பிடித்துப்போயிற்று. கடைக்கு அனுப்ப ஒரு பொடியன் வேண்டுமென்றால் எல்லாரும் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள். பாவம், அந்தப் பகிடிக்கு அவருடைய கால்கள்தான் ஓடின. பள்ளிக்கூடத்தில் தலைமை வாத்தியார் குளத்து மதகில் வெட்டியிருந்த துரையின் பெயரைப் பார்த்து, ஒரு எழுத்தும் பிசகாமல் வரவு இடாப்பில் பதிந்தார். அதனால்தான் இந்த மாட்டு வைத்தியரின் பெயரும் எங்களுடையதும் அச்சாகப் பொருந்தின.

தங்கச்சி ஏன் பொய் சொல்ல நினைத்தாள் என்பதும் எனக்குத் தெரியும். இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முகாமில் பெயர் கேட்டிருக்கிறார்கள். அவர் தன் பெயரைச் சொல்லியிருக்கிறார். நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்து அடித்தார்கள். திரும்பவும் கேட்டார்கள், திரும்பவும் அதையே சொன்னாராம். அவரோடு பிடிபட்டுத் தப்பி வந்தவர் ஒருவர் எங்களிடம் சொன்னது இது. அப்பா திரும்பி வரவில்லை. உடலும் இல்லை, மரணப் பத்திரமும் இல்லை. அப்போது தங்கச்சி சின்னப் பிள்ளை. அந்தப் பெயர் ஒரு நல்ல மனிதர் அன்பாகக் கொடுத்ததாக இருக்கட்டும் என்று அவள் விரும்பினாள். நான் மறுக்கவில்லை. நல்ல சேட் ஒன்று போட்டுக்கொண்டு போனேன்.

கதவைத் திறந்தபோது மாட்டு வைத்தியர் எங்களைப் பார்த்தார், பிறகு கதவிலக்கத்தைப் பார்த்தார். மருமகள் தன் பெயரைச் சொன்னாள். கடைசிப் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். ஒரு நிமிடம் நின்றார். பிறகு சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு எல்லாருக்கும் கை கொடுத்தார். நல்ல மனிதர்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். மீன் ரோல்ஸ் உறைப்பில் கண்ணீர் வந்தது, துடைத்துவிட்டு இன்னொன்று எடுத்தார். தங்கச்சி துரையின் அன்பைப் பற்றிச் சொன்னாள். மருமகள் மொழிபெயர்த்தாள். நான் தேத்தண்ணீர் குடித்தேன்.

சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தார். பெயரின் கதையையும் சொன்னார். இங்கிலாந்தின் கிழக்கில், சேற்று நிலத்தில், ஒரு சின்ன ஓடைக்கரைக் கிராமம் இருந்ததாம். அதன் பெயர்தான் இது. கிராமத்தில் இருந்தவர்கள் ஒருவருக்கும் இந்தப் பெயர் இல்லை. அங்கே எல்லாரும் அதே ஊர், பிறகு எதற்கு அந்தப் பெயர்? பிழைப்புக்காகப் புறப்பட்டு அடுத்த ஊருக்குப் போனவனைத்தான் அங்கிருந்தவர்கள் இந்த ஊரின் பெயரால் கூப்பிட்டார்கள். இப்போது அந்தக் கிராமமே இல்லை, செம்மறி மேய்கிறது.

இதற்கு எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

படத்தில் இங்கிலாந்திலும் ஏரிக்கரையிலும் ஆஸ்திரேலியாவிலும் கறுத்தப் புள்ளிகள். ஸ்காபரோவில் மட்டும் ஒன்பது வெறும் வட்டங்கள்.

"ஏன் எங்கட மட்டும் எம்ட்டியா இருக்கு?" என்று மருமகள் கேட்டாள்.

அவர் பையிலிருந்து ஒரு சின்னக் குழாயை எடுத்து மேசையில் வைத்தார். என்னைப் பார்த்து, இது மரபணுச் சோதனைக்கு, இதற்குள் கொஞ்சம் துப்பினால் போதும் என்றார். ஒரு வெள்ளைக்காரர் என்னைத் துப்பச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரத்தம் பொருந்தினால் வட்டத்தைக் கறுப்பாக்கலாமாம். பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: அந்தக் காலத்தில் எஞ்சினியர்கள் காட்டுக்குள் வருடக்கணக்காகத் தனியாக இருந்தார்கள், பெயர்கள் அப்படியும் கைமாறியிருக்கின்றன, இதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மருமகள் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். "மாமா, இதை நான் சொல்லமாட்டன்."

தேவையும் இருக்கவில்லை. தங்கச்சி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். வெள்ளைக்காரக் கிழவர்கள் மெல்லிய குரலில் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும். கேத்திலை மேசையில் வைத்தாள்.

"அண்ணை, நீங்க சொல்லுறீங்களோ, நான் சொல்லட்டோ?"

"நீதானே வாயைத் திறக்கவேண்டாமெண்டனி."

"இப்ப திறவுங்க."

"தொடங்கினவள் நீ. நீயே சொல்லு."

அவளே சொன்னாள், தன் முதியோர் இல்லத்து ஆங்கிலத்தில், வினைச்சொற்கள் அங்குமிங்கும் இடற. தண்ணீரில் நிறுத்தினது, சாப்பிடப் போனது, மறந்துபோனது, அட்டை, ஏச்சு. அப்பாவைப் பெற்ற எங்கள் அப்பாச்சியை எந்த வெள்ளைக்காரனும் கண்ணாலும் கண்டதில்லை என்று சொன்னாள். துரையின் பெயரைக் கூப்பிட்டு முதுகு சொறியச் சொல்வதற்காகத்தான் அப்பப்பா பிள்ளைக்கு அதை வைத்தார் என்று சொன்னாள். முகாமில் நடந்ததையும் சொன்னாள். அதை அவள் மகளுக்கே அதுவரை சொன்னதில்லை. மருமகள் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் படத்தில் இங்கிலாந்தின் கிழக்கில் விரலை வைத்தார். பிறகு, அந்த எஞ்சினியர் தன் குடும்பத்து ஆள்தான், இலங்கைக்குப் போனவர், பிள்ளைகள் இல்லை, அந்தக் கிளை அவரோடு நின்றுவிட்டது என்றார்.

"நிக்கேல்லை எண்டு சொல்லு," என்றேன் மருமகளிடம்.

அவர் முகம் சிவந்தது. நடந்ததற்காக வருந்துகிறேன், ஆனால் இது எடுத்துக்கொண்ட பெயர், சோதனை இல்லாமல் வட்டத்தை நிரப்ப முடியாது, படத்தின் ஒழுங்கு அப்படி என்றார்.

எனக்கு வாதாட வராது. வாதாட்டத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போகிறவன் நான். அன்றைக்கு எழும்பிப் போகவில்லை.

"அவரிட்டக் கேள்," என்றேன். "அவரிட முதல் ஆள் ஊரை விட்டுப் போனான். வேற ஊர்ச்சனம் அந்தப் பேரால கூப்பிட்டுது, பேர் வந்துது. அவனை ஆரும் துப்பச் சொன்னவையோ? எங்கட முதல் ஆள் அப்பா. அவரையும் ஒராள் கூப்பிட்டார், பேர் வந்துது. அவருக்கு அவரிட ஓடைக்கரை, எங்களுக்கு எங்கட குளத்துக்கட்டு. இரவல் இல்லை எண்டு சொல்லு."

மருமகள் சொன்னாள். நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னாள், மேசையில் இரண்டு தடவை தட்டவும் செய்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டுத் தொழுவத்தில் நின்று பழகியவர், சுலபத்தில் அவசரப்படமாட்டார். கடைசியில், அந்தக் குளம் எங்கே என்று கேட்டார்.

அவருடைய படத்தில் இலங்கையே இல்லை. தாள் அதற்கு முன்பே முடிந்திருந்தது, ஆஸ்திரேலியாவைத் தனிப் பெட்டிக்குள் கீறியிருந்தார். கீழ் மூலையில் கொஞ்சம் வெள்ளை இடம் கிடந்தது. அவருடைய கறுப்புப் பேனையை எடுத்து அதில் தீவைக் கீறினேன். கிழக்குக் கரையில் ஒரு புள்ளி வைத்து நன்றாக அழுத்தினேன். பிறகு மேலே போய் ஸ்காபரோவில் ஒன்பது வட்டங்களையும் ஒவ்வொன்றாக நிரப்பினேன். அவர் தடுக்கவில்லை. அளவு பிழை, இலங்கை இங்கிலாந்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

"தெரியும் எண்டு சொல்லு," என்றேன்.

கிழக்குப் புள்ளியின் பக்கத்தில், மற்றவர்களுக்குச் செய்ததுபோல, அப்பாவின் பிறந்த வருடத்தை எழுதினார். ஒரு கோடு போட்டார். இறந்த வருடம் கேட்டார்.

"அதை எழுதவேண்டாமெண்டு சொல்லு," என்றாள் தங்கச்சி. அவர் கோட்டோடு விட்டுவிட்டார்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டார். படத்தை அப்படியே அச்சிடுவாரா, வீட்டுக்குப் போய் எங்கள் மூலையை வெட்டிவிடுவாரா, எனக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவுமில்லை. அவர் நடைவழியின் மறு முனையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் போய்விட்டபோதுதான் அந்தக் குழாய் மேசையிலேயே கிடப்பதைத் தங்கச்சி கண்டாள். எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். மருமகளை அனுப்புவாள் என்று நினைத்தேன்.

கதவைப் பிடித்துக்கொண்டு, வயலின் அடுத்த வரம்பில் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோல, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மிஸ்டர் இல்லை, ஒன்றுமில்லை. வெறும் பெயர். அப்பாவின் பெயரை அவள் வாயால் உரத்துச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். நடைவழியில் இரண்டு கதவுகள் திறந்தன. நானும் மருமகளும் எங்களை அறியாமல் திரும்பினோம்.

அவரும் திரும்பினார்.

"இஞ்ச வாங்க," என்று தமிழிலேயே சொன்னாள். "உங்கட சாமானைக் கொண்டு போங்க."

நீளமான நடைவழி, வயதான கால்கள். அவர் அவ்வளவு தூரமும் திரும்பி நடந்து வந்தார். வந்து சேரும்வரை தங்கச்சி வாசலை விட்டு ஒரு அடிகூட முன்னால் போகவில்லை.