தவக்காலத்தில் கரண்ட் வைத்தது

எம்.எஸ்சி. விலங்கியலில் எனக்கு எலி புராஜெக்ட். பாதி எலிகளைச் சாதாரணக் காற்றிலும், மீதியை ஆக்சிஜன் குறைத்த காற்றிலும் வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தோம். நன்றாக மூச்சு விட்டவை சீக்கிரம் செத்தன. மூச்சுக்குத் திணறியவற்றில் நிறைய பிழைத்துக்கொண்டன. கதிர்வீச்சு செல்லை உடைக்க ஆக்சிஜன் துணைக்கு நிற்க வேண்டும். அது குறைந்தால் அடியும் குறையும். வைவாவில் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். பெரிய இவள் என்று நினைப்பு.

அதே வருடம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். கடியப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ் ஏறி நாகர்கோவிலில் கதிர்வீச்சு. ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பது. டாக்டரம்மா முதல் நாளே சொன்னார்:

"ரத்தம் குறையக்கூடாது. குறைஞ்சா கட்டிக்கு ஆக்சிஜன் போகாது, கரண்ட் வச்சாலும் அது சரியா சாகாது. மீன், முட்டை, ஈரல் எல்லாம் சாப்பிடுங்க."

அம்மா நன்றாகத் தலையாட்டினாள். அந்த வாரமே தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தவள், நோய் தீர ஈஸ்டர் வரை கஞ்சியும் துவையலும் மட்டும்தான் என்று மாதாவுக்கு நேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். வாழ்நாளெல்லாம் மீன் விற்றவள், மீனைத் தொடமாட்டாளாம்.

எனக்குத் தலை சூடாகிவிட்டது. எலிக் கதையைச் சொன்னேன்.

"ஒனக்க கட்டியும் அந்த எலி மாதிரிதாம்மா. ஆக்சிஜன் கொறஞ்சா கரண்டுக்குத் தப்பிச்சிரும்."

"ஏட்டி, மாதாவுக்கு நேர்ந்தத எலியக் காட்டி மாத்தச் சொல்லியா?"

"மாதா வந்து மீன் திங்காதேன்னு பறஞ்சாளா?"

"வாய் கூடிப்போச்சு ஒனக்கு. படிக்க வச்சது எனக்க தப்பு."

ரத்தம் இறங்கிக்கொண்டே போனது. ஏற்றினார்கள்; அடுத்த பரிசோதனைக்குள் அதுவும் இறங்கியது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கடையில் அவித்த முட்டை வாங்கி அவள் வாயில் திணித்தேன். அழுதுகொண்டே விழுங்கினாள்.

சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருந்தது, சாகவில்லை. ரத்தம் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, இனி மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்றார் டாக்டரம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். இப்போதாவது ஒத்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

"என்னதும்மா?"

"அந்த முட்டையத் தந்து நேர்ச்சைய முறிக்க வச்சிட்டியேட்டி."