பூரான் வயிற்றுப் பிசின்

சர்க்யூட் பலகையைக் கண்ணுக்கு நேரே சாய்த்து, டியூப் லைட் வெளிச்சத்தை அதன்மேல் ஓட விடுகிறார் பாஞ்சாலி. பிறகு பல் தேய்க்கும் பிரஷ். ஒரே பக்கமாகத்தான் தேய்ப்பார், திரும்பி வரமாட்டார். இரண்டு பக்கமும் வரிசையாகக் கால் முளைத்த சில்லுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பூரான். "பூரான் வயித்துக்கு அடியிலதான் சார் பிசின் ஒளிஞ்சிக்கும். மேல பளபளன்னு இருக்கும், நம்பாதீங்க" என்று, அவர் வேலையைப் பார்க்கப் போயிருந்த என்னை எச்சரித்தார்.

நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி, சந்தாபுரா பக்கத்துத் தொழிற்கூடத்துக்குப் பதினோரு வருடமாக வருகிறார். ஈயம் பற்றவைத்த பின் பலகையில் ஒட்டிக்கிடக்கும் பிசினை எடுப்பது வேலை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி.

பழைய கரைப்பான் பிசினை நொடியில் கரைக்கும், ஆளையும் விடாது. அவரோடு வேலை செய்யும், நாலு மாதக் கர்ப்பிணியான சரசு அதன் நெடியில் இரண்டு முறை மயங்கி விழுந்தாள். அதனால்தான் தண்ணீரில் கலக்கும் புதிய திரவம் வந்தது. நெடியே இல்லை. ஆனால் பலகை காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்தது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, நான் போயிருந்த அன்று இன்ஜினியர் ஹரிஷ் கையை விரித்தார். "பழைய கேனையே கொண்டு வாங்க. சரசு வேணும்னா வேற வேலை பாத்துக்கட்டும்."

"ஸ்வல்ப நில்லுங்க சார், கொஞ்சம் நில்லுங்க" என்றார் பாஞ்சாலி. "நம்ம செக்‌ஷன் பேரே துடைக்கிற செக்‌ஷன். அங்கதான் தப்பு. பழசு தானா பறந்துடும், துடைச்சா போதும். இது சோப்புத் தண்ணி மாதிரி. சோப்பு போட்டுட்டு அலசாம எவளாச்சும் புடவைய காயப்போடுவாளா? நானும்தான் லூசு மாதிரி துடைச்சிக்கினே இருந்திருக்கேன்."

புதிய திரவத்தின் கேனைத் திருப்பிப் பார்த்தேன். கேன் மேல் ஆங்கிலத்தில் அதையேதான் அச்சடித்திருந்தார்கள். படித்த ஹரிஷ் அதைப் படிக்கவில்லை.

உப்பு நீக்கிய தண்ணீரில் மூன்று அலசல். பலகையை நிமிர்த்தி வைத்து, பூரானின் காலிடுக்கில் சூடான காற்று. பாஞ்சாலியின் விரல்கள் போன வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை. பத்துப் பலகைகளை ஹரிஷ் சோதனைக் கருவியில் வைத்தார். பத்தும் தேறின.

"எல்லாம் பாஸ்மா" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பாஞ்சாலி வாசலோரம் போய்விட்டார். பழைய கேனுக்குப் பயந்து அங்கே நின்றிருந்த சரசுவின் முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். இரண்டையும் தன் கையாலேயே கழற்றினார்.