அக்கா வைத்த ஒத்தடம்

என் அக்கா புருஷன் வைத்திலிங்கத்தோடு ஐந்து நிமிஷம் பேசினால் சண்டை வந்துவிடும். கடலூர் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பராக இருபத்தாறு வருஷம் விசில் ஊதியவர். வீட்டிலும் விசில் ஊதாத குறைதான். 2009 ஐப்பசியில் வலது கால் வலி தாங்காமல் அந்த மனுஷன் தேம்பித் தேம்பி அழுததைப் பார்த்தேன். ஐயோ, அதை யாரும் பார்க்கக் கூடாது.

காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள் சிதம்பரத்து ஆஸ்பத்திரியில். பீடிப் பழக்கம், சர்க்கரை வேறு. இதயமும் பலவீனம், முழு மயக்கம் தாங்காது. இடுப்போரம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்து, இடது காலின் ரத்தத்தை வலது காலுக்குத் திருப்பிவிட்டார்கள்.

"ஆயுசக் கூட்ட முடியாது. இருக்குற வரைக்கும் வலியில்லாம ரெண்டு காலோட நடக்கட்டும்," என்றார் டாக்டர். வலி நின்றுவிட்டது. மாமா பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அக்காவிடம், "கால் சூடா இருக்கணும்மா. சில்லுன்னு ஆனா உடனே கூட்டிட்டு வாங்க," என்றார். தொட்டுப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். என் அக்கா புஷ்பவள்ளி அதையே வைத்தியமாக எடுத்துக்கொண்டாள். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து காலையும் மாலையும் ஒத்தடம். சர்க்கரையில் மரத்த பாதம், அவருக்குச் சுடவே இல்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், மடையன்.

நாலாம் நாள் கொப்புளம். "ஆப்ரேசன் பண்ணா வரும்டி," என்று மாமா சொல்லிவிட்டார். பத்தாம் நாள் பாதம் கறுத்ததும் மறுபடி சிதம்பரம் ஓடினோம்.

அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். "இது சுட்ட புண்ணாச்சே, யாரு சூடு வச்சது?" என்றார் டாக்டர்.

மாமாவுக்குப் புரிந்துவிட்டது. "நான்தான் சார். வெந்நித் தவலைய இடிச்சிட்டேன்."

டாக்டர் போனதும் என் கையைப் பிடித்தார். "மச்சான், அவளுக்குத் தெரிஞ்சா செத்துடுவா. நீ வாயத் தொறந்த, தொலைச்சிடுவேன்."

முழங்காலுக்கு மேல் எடுத்தார்கள். இதயம் மூன்று நாள்தான் தாங்கியது.

காரியம் முடிந்த அன்று அக்கா கேட்டாள். "ஏன்டா, ஆப்ரேசன் நல்லாத்தான ஆச்சி? அப்பறம் எப்படிடா காலு அழுகிப் போச்சி?"

"பீடிக்கா. உட்டுட்டேன்னு சொல்லிட்டு ஒளிஞ்சி குடிச்சாரு."

ஆபரேஷன் ஆன நாளிலிருந்து அவர் ஒரு பீடி தொடவில்லை.

"அடப்பாவி, எங்கிட்டயே பொய் சொன்னியா!" அக்கா போட்டோவைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டாள். மூன்று வருஷமாகத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். நானும் ஆமாம் போடுகிறேன்.