தலைவரம்மா கையெழுத்துப் போடாத தீர்மானம்

தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியையும் கழற்றி நீட்டிக்கொண்டு நான் நின்ற அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒரகடம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் நான் கிளார்க், ஊர்த் தெருக்காரன். தலைவர் பதவி அந்த முறை பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் காலனியிலிருந்து ஜெயித்து வந்திருந்தார் எங்கள் தலைவரம்மா. அதுவரை கம்பெனியில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர். பெரியவர்கள் சொல்வதை நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே நினைத்துவிட்டேன்.

தொழிற்சாலைகள் கட்டிய வரியால் ஊராட்சியின் கையில் முதன்முறையாகக் காசு புரண்டது. புதிதாக ஒரு மேல்நிலைத் தொட்டி கட்டலாம் என்று முடிவாயிற்று. இடம், ஊருக்குள் கோயில் பக்கத்தில் என்று அவரைக் கேட்காமலே எழுதிவிட்டேன். பழைய தொட்டியும் அங்கேதான் இருந்தது. அதன் தண்ணீர் ஊர்த் தெருக்களையெல்லாம் தாண்டிக் காலனிக்குப் போய்ச் சேரும்போது குழாயில் வெறும் காற்றுதான் சீறும். காலனிப் பெண்கள் விடிவதற்குள் வயல் கிணற்றுக்குக் குடத்தோடு நடந்துவிட்டு, பிறகு ஷிப்டுக்கு ஓடுவார்கள்.

தலைவரம்மா எழுத்துக்கூட்டி முழுவதையும் படித்தார். பேனாவைத் தொடவில்லை.

"கம்பெனி கட்டுற வரியில எங்க வேர்வையும்தானே கீது சார்? தொட்டிய எங்க தெருவுல கட்டுங்க. கடைசி வூட்டுலேர்ந்து ஆரம்பிச்சாதான் எல்லார் வூட்டுக்கும் வரும்."

ஊர் தாம்தூமென்று குதித்தது. காலனியிலிருந்து வரும் தண்ணீரை நாங்கள் குடிப்பதா என்று ஒரு பெரியவர் அலுவலக வாசலில் நின்றே கேட்டார். தலைவரம்மா உறுப்பினர்களின் வீடு வீடாகப் போனார். உட்காரச் சொல்லாத வீட்டில் நின்றுகொண்டே பேசினார். அம்மாடி, என்ன பொறுமை! கூட்டத்தில் ஒரே ஒரு கை கூடுதலாக உயர்ந்து அவர் நினைத்தது நிறைவேறியது. நான் எழுதியதை நானே அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். என் உத்தியோக காலத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுதிய தீர்மானம் அது ஒன்றுதான்.

இன்று காலனியில் வீட்டுக்குள்ளேயே குழாய். அந்தப் பெண்கள் நிதானமாகக் கிளம்பி கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். வரிப்பணம் ஊருக்கு வந்தால் மட்டும் போதுமா? அது எந்தத் தெருவில் இறங்குகிறது என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு அவர் வாய்த்தார்.

காலனித் தொட்டியிலிருந்து முதன்முதலாகத் தண்ணீர் திறந்துவிட்ட அன்று ஊர்த் தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. தெருக்குழாய் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. குழாயடியில் தலைவரம்மா நின்றார், பக்கத்தில் நான். அப்போது குடத்தோடு இறங்கி வந்தாள் என் மனைவி. நான் சொல்லி அனுப்பவில்லை. ஊர் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்க்க, கையில் பிடித்து முதலில் குடித்துவிட்டு, அப்புறம்தான் குடத்தை வைத்தாள்.